ஓப்ரென் வீட்டுக் குளியலறை

போன வருஷ ஸ்லாவா விருந்துக்கு என் ஓரகத்தி விதோசாவா வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கோப்பை ரக்கியா கேட்டாள். எங்கள் வீட்டு ரக்கியா நல்ல பிளம் சாராயம், குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு, ஊசி போடப்போகும் நர்ஸ் மாதிரி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.

"ஒண்ணுமில்லக்கா. உங்க பாத்ரூம் சுவர்ல கை பட்டுடுச்சு. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பு கறுப்பா இருக்கா, அதான் ஒரு பயம்" என்றாள். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என் வீட்ல அழுக்கு சுவரோட நின்னுடுது, விதோசாவா. சில பேருக்கு அது வாய்க்குள்ளயே குடியிருக்கு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவளுடைய கணவன், என் கொழுந்தன் ஸ்ரெதென், சிரிக்கவில்லை. முகம் சிவந்து எழுந்தான், கோட்டை மாட்டினான், வெளியே போய்விட்டான். அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அப்போது இன்னும் ரொட்டியைக்கூட உடைத்திருக்கவில்லை.

ஸ்லாவா என்பது வீட்டுப் புனிதருக்கு உரிய நாள். அப்பன் வழியாக மகனுக்கு வருவது. எங்களுக்குப் புனித நிக்கோலா. டிசம்பர் குளிரில் வருவார், நோன்பு நாளாகையால் இறைச்சி கிடையாது, மீன்தான். மாமனார் இறந்த பிறகும் அண்ணனும் தம்பியும் அதைப் பிரித்துக்கொள்ளவில்லை. இதே வீட்டில், ஒரே மெழுகுவர்த்தி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரொட்டியைச் சுற்றுவார்கள், அதன் மேல் ஒயின் ஊற்றுவார்கள், பிறகு உடைப்பார்கள். போன வருஷம் என் கணவன் ஓப்ரென் அந்த ரொட்டியை மாடி வீட்டு லெப்பா அக்காவோடு சேர்ந்து உடைத்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. சாச்சாக் என்ன பெரிய ஊரா? மொராவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், பாலம் தாண்டினால் லுபிச்சில் அவர்கள். சந்தையில் எதிரே வந்தால் ஒருவன் தக்காளியை முறைப்பான், மற்றவன் வானத்தைப் பார்ப்பான். ஓப்ரென் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வாயைத் திறந்தால் காசு விழுந்துவிடும் என்பதுபோல இருப்பவன். தினமும் பால்கனியில் நின்று பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே சிகரெட் பிடித்தான். தம்பிக்காக ஏங்கினான். அதைச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்றால் நான் நடந்தே போய்க் கூப்பிட்டிருப்பேன். ஆனால் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக்கூடாது. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் தாமாக வர வேண்டும். வந்தவரை விரட்டவும் முடியாது, வராதவரைக் கூப்பிடவும் முடியாது. எவன் வைத்த வழக்கமோ, வீம்பு பிடித்தவர்களுக்கு நல்ல வசதி.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் லெப்பா அக்கா மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தாள்.

"ஸ்தமெனா, விஷயம் தெரியுமா? உன் ஓரகத்தி கோயில் பக்கத்துல ரொட்டி சுடுற பொம்பளைகிட்ட ஸ்லாவா ரொட்டி சொல்லி வச்சிருக்காளாம். மேல புறா, திராட்சைக் கொத்து எல்லாம் வச்சு. பெரிய மெழுகுவர்த்தியும் வாங்கியாச்சாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரெதென் தன் வீட்டில் தனி மெழுகுவர்த்தி ஏற்றினால் கதை முடிந்தது. ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் விருந்து. இரண்டு பேரும் வீட்டுக்காரர்கள், விருந்தாளிகளை விட்டுவிட்டு எவனும் எவன் வீட்டுக்கும் போக முடியாது. இந்த வருஷம் மட்டுமில்லை, சாகிறவரை அந்த நாளில் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கமாட்டான். கோபம் ஆறும், ஏற்றிய மெழுகுவர்த்தியை யாரும் திரும்ப அணைப்பதில்லை.

அன்று மாலையே முடிவு செய்தேன். அந்தக் குளியலறை வெள்ளை வெளேரென்று ஆக வேண்டும். இடுக்கு வெளுத்தால் மனசு வெளுக்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. லெப்பா அக்கா ஒரு தடவை எங்கள் குளியலறைக்குள் போய் வந்தால் போதும், சேதி பாலம் தாண்டி லுபிச் போய்ச் சேர்ந்துவிடும். "ஸ்தமெனா வீட்ல சுவர் பால் மாதிரி இருக்கு" என்று விதோசாவா காதில் விழ வேண்டும். விழுந்தால் அவளுக்குப் புரியும், நான் இறங்கி வந்துவிட்டேன் என்று. கூப்பிடாமல் கூப்பிட எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

எங்கள் குளியலறை சின்னது. தொட்டி, அதன் மேலே பாய்லர், சுவர் முழுக்க உள்ளங்கை அகல டைல்ஸ். ஒரு காலத்தில் மஞ்சள் நிறம் என்று சொல்வார்கள். சமையல் சோடாவைக் குழைத்து இடுக்கில் அப்பினேன், மேலே வினிகர் தெளித்தேன், நுரைத்தது. பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் கோடு கோடாகத் தேய்த்தேன். முழங்கால் மரத்துப் போயிற்று, தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் டைல்ஸ் கண்ணாடி மாதிரி பளபளத்தது, இடுக்கு முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. நல்ல சட்டை போட்ட பையன் பல் விளக்காமல் வந்து நிற்பதுபோல.

சரி, இது சோடாவுக்கு அடங்குகிற ஜாதி இல்லை என்று கடைக்குப் போய்க் குளோரின் திரவம் வாங்கி வந்தேன். கதவைத் திறந்தால், தொட்டி நிறையத் தண்ணீர். அதற்குள் என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஓப்ரென்!"

அடுப்படியிலிருந்து மெதுவாக வந்தான். "என்ன?"

"இது என்ன?"

"கெண்டை."

"கெண்டைன்னு எனக்குத் தெரியாதா? ஸ்லாவாவுக்கு இன்னும் நாள் இருக்கே, இப்ப எதுக்கு உயிரோட தூக்கிட்டு வந்த?"

"கடைசி நேரத்துல நல்ல மீன் கிடைக்காது. சேறு வாசம் போக நல்ல தண்ணியில கிடக்கணும். அப்பா அப்படித்தான் போடுவாரு."

"நான் இங்க குளோரின் ஊத்தப்போறேன்!"

"ஊத்தாத" என்றான். "மீன் செத்துடும்." சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டான்.

நானும் மீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புனித நிக்கோலாவின் மீனைக் குளோரினில் கொன்றேன் என்று பேர் எடுக்க எனக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் விடப்போவதும் இல்லை.

லெப்பா அக்காதான் வழி சொன்னாள். "குளோரின் எதுக்குடி? என்கிட்ட கக்கூஸ் கழுவுற ஆசிட் இருக்கு. ஒரு துளி போட்டா எலும்பும் வெளுக்கும். ஆனா ரெண்டையும் ஒண்ணா ஊத்திடாத, புகையில மூச்சு நின்னு போயிடும். மீனை வேணா என் தொட்டியில விட்டுக்கோ."

அடுத்த நாள் காலை ஓப்ரென் மீனை ஈரச் சாக்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினான். நான் ஜன்னலைத் திறந்துவைத்து, ரப்பர் கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டி, ஆசிட்டை பிரஷ்ஷில் தொட்டு இடுக்கில் இழுத்தேன். சுர்ரென்று பொங்கியது. ஆஹா என்று இருந்தது எனக்கு. இத்தனை வருஷத்து அழுக்கு அலறிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்தேன். சுவர் சுவராக இழுத்தேன். பாய்லருக்குக் கீழே, தொட்டி ஓரம், கதவு மூலை, ஒன்றையும் விடவில்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவியபோதுதான் தெரிந்தது. தரையில் மணல் ஓடியது. விரலால் இடுக்கைத் தொட்டேன், ஈர பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆசிட் அழுக்கைத் தின்னவில்லை, சிமெண்டைத் தின்றுவிட்டது.

ஒரு நிமிஷம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஓப்ரெனின் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்து வந்தேன். பாதி போன பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். இடுக்கில் மிச்சமிருந்ததையெல்லாம் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன்.

சுரண்டச் சுரண்ட எனக்குச் சந்தேகம் தட்டியது. மேலே கறுப்பு, சரி. உள்ளே வெள்ளை வர வேண்டுமே? உள்ளேயும் அதே நிறம். ஆசிட் எட்டாத ஆழத்திலிருந்து ஒரு கெட்டித் துண்டைப் பெயர்த்து, உடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவிலும் சாம்பல் நிறம்தான். பாலம் கட்டுகிற, தூண் நிறுத்துகிற சிமெண்ட்டின் நிறம்.

துண்டை எடுத்துக்கொண்டு போய் ஓப்ரென் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது அழுக்கு இல்ல."

அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிகரெட்டை அணைத்தான். "இல்ல" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"வெள்ளை சிமெண்ட் அப்ப எங்க கிடைச்சுது? நாட்டு மேல பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். ரொட்டிக்கே வரிசை. பாலம் வேலை நடந்த இடத்துலேர்ந்து ஒரு மூட்டை இதுதான் கிடைச்சுது."

"அடப்பாவி! நான் இத்தனை வருஷமா இதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை தேஞ்சு போயிருக்கேன்! பொறந்ததே இந்த நிறமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நீதானே 'என் கையால கட்டுன பாத்ரூம்'னு ஊரெல்லாம் பெருமை அடிச்ச!"

ஓப்ரென் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "என் கை இல்ல" என்றான். "நான் கலந்து குடுத்தேன், அவ்வளவுதான். நீ பிள்ளையோட ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப போட்டது. டைல்ஸ் வச்சது ஸ்ரெதென். பதினெட்டு வயசு. அவனோட முதல் வேலை."

ஸ்ரெதென் இப்போது சாச்சாக்கிலேயே பேர்போன டைல்ஸ்காரன். அவன் வேலை செய்த வீட்டுக் குளியலறையில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். விதோசாவா அவனைக் கட்டிக்கொண்டு வந்தது அதற்கெல்லாம் பல வருஷம் கழித்து. ஆக, போன வருஷம் அத்தனை பேர் முன்னால் ரக்கியா ஊற்றித் துடைத்தாளே, அது சொந்தப் புருஷனின் முதல் கைவேலை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் சொல்லியிருக்கமாட்டான்."

"நீயாவது அன்னைக்கு மேசையில சொல்லியிருக்கலாமே! அவ வாயை அடைச்சிருக்கலாமே!"

"சொன்னா அவ வாயா அடைபட்டிருக்கும்? அவன் தலைதான் தொங்கியிருக்கும். ஊர் முன்னால" என்றான் ஓப்ரென்.

எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வேலை கிடந்தது.

சாயங்காலம் வரை சுரண்டினேன். கடைசிக் கோடும் போனபிறகு சுவர் பொக்கை வாயாக நின்றது. ஸ்லாவாவுக்கு இன்னும் இரண்டு நாள்கூட முழுதாக இல்லை. குளிக்க வழியில்லை, விருந்தாளிக்குக் கை கழுவ வழியில்லை. "தம்பியைக் கூப்பிடு" என்றேன் ஓப்ரெனிடம். "மாட்டேன்" என்றான். "முதல்ல அவன் பேசட்டும்." இந்த வீட்டு ஆண்களுக்கு வீம்பையும் தாய்ப்பாலோடு கலந்துதான் ஊட்டியிருப்பாள் என் மாமியார்.

அப்போதுதான் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. ஸ்லாவாவுக்கு அழைக்கக்கூடாது, உண்மைதான். வேலைக்கு ஆள் கூப்பிடக்கூடாது என்று எந்தப் புனிதரும் சொல்லவில்லை.

நானே போன் போட்டேன்.

"ஸ்ரெதென், நான் ஸ்தமெனா பேசறேன். போனை வச்சிடாத. ஸ்லாவாவுக்குக் கூப்பிடறேன்னு நினைக்காத, அந்தப் பாவத்தை நான் கட்டிக்கமாட்டேன். எனக்கு டைல்ஸ் இடுக்கு பூச ஒரு ஆள் வேணும். ஊர்ல நல்ல ஆள் யாருன்னு விசாரிச்சேன், எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க."



"என்ன ஆச்சு அண்ணி?"

"ஆசிட் ஊத்திட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

அவன் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "காலைல வர்றேன்" என்றான்.

காலையில் வாளி, ரப்பர் கரண்டி, ஒரு பை வெள்ளை இடுக்குச் சிமெண்ட் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தான். ஷூவைக் கழற்றினான். நடையில் ஓப்ரென் நின்றிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நடையில். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"தண்ணி எங்க?" என்றான் தம்பி.

"வாளியைக் குடு. கொண்டாறேன்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். இதற்கு ஒரு வருஷம்.

ஸ்ரெதென் சுவரை விரலால் தடவிக்கொண்டே போனான். பாய்லருக்குக் கீழே வந்ததும் நின்றான். அங்கே ஒரு வரிசை டைல்ஸ் கொஞ்சம் கோணல், நானே இதுவரை கவனித்ததில்லை. "இது அப்பவே கோணிடுச்சு. நீ அவசரப்படுத்தினே" என்றான் அண்ணனிடம். "நானா? நீ தூங்கி வழிஞ்ச" என்றான் ஓப்ரென்.

அண்ணன் கலந்து கொடுத்தான், தம்பி ரப்பர் கரண்டியால் குறுக்காக இழுத்து இடுக்கில் அழுத்தினான். அவன் விரல்களைப் பார்த்தேன். சிமெண்ட் அரித்து அரித்து நுனியெல்லாம் வெடிப்பு, நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் போகாத வெள்ளை. பூசியதெல்லாம் கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓப்ரென் மாடிக்கு மீனைப் பார்க்கப் போயிருந்தான்.

"ஸ்ரெதென், போன வருஷம் நான் வாயை விட்டதுக்கு நீ எழுந்து போனியே..."

"நீங்க என்ன சொன்னீங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி" என்றான். "அவ கையைத் துடைச்சதுதான் தெரிஞ்சுது. என் வேலை. பதினெட்டு வயசுல ராப்பகலா உட்கார்ந்து வச்சேன், அப்பா வந்து தோள்ல தட்டிக் குடுத்தாரு. அந்தச் சுவரைத் தொட்டுட்டு என் பொண்டாட்டியே கையைச் சாராயத்துல கழுவறா. என்னால அங்க உட்கார முடியல. வெக்கம் பிடுங்கித் தின்னுடுச்சு."

ஒரு வருஷமாக நான் என் நாக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓப்ரென் தன் மௌனத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். இவன் ஒரு மூட்டை சாம்பல் சிமெண்ட்டை நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"அவகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்துதான். இல்லேன்னா நான் சொல்றேன். எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

"வேணாம் அண்ணி!" பயந்துவிட்டான். "அவ கெட்டவ இல்ல. என் வேலையைப் பத்திப் பெருமையாப் பேசிப் பேசி, மத்தவங்க வீட்டைக் குறை சொல்லப் பழகிட்டா. சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லு. ரொட்டி சொல்லி வச்சிருக்காளாமே?"

தலையை ஆட்டினான். "அவ தம்பிங்க வர்றாங்க. ஊரெல்லாம் சொல்லிட்டா. நான் என்ன பண்ண?"

வா என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது, வழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவன் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, டைல்ஸ் மேல் படிந்த வெள்ளைப் படலத்தைத் துடைத்தான். கோடு கோடாக வெள்ளை எழுந்து வந்தது. புதுப் பல் முளைத்ததுபோல அந்தக் கிழட்டுச் சுவர் சிரித்தது.

"நாளைக்குக் காலைல வரைக்கும் தண்ணி படக்கூடாது" என்றான். காசு கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை, நீட்டியிருந்தால் அடித்திருப்பான். வாசலில் ஷூ மாட்டும்போது அண்ணன் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் எதையோ சொல்ல வந்து, வெளியே குளிர் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஸ்லாவா நாள் விடிந்தது. கெண்டை வந்தபாடில்லை. லெப்பா அக்கா அதற்கு ரொட்டி பிய்த்துப் போட்டு வளர்த்திருந்தாள். "நீயே வந்து தூக்கிட்டுப் போ, அது என்னைப் பார்க்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓப்ரென் போய்த் தூக்கி வந்தான். நண்பகலுக்குள் அது வெங்காயத்தோடு அடுப்பில் இருந்தது.

மெழுகுவர்த்தி ஏற்றினோம். வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் வால்நட் சேர்த்த இனிப்புக் கோதுமையை நீட்டினேன், ஒவ்வொருவரும் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தார்கள். டிப்போ நண்பர்கள், என் அக்காள் குடும்பம், லெப்பா அக்கா. குளியலறைக்குப் போய் வந்தவர்களெல்லாம் "அடேயப்பா" என்றார்கள். எனக்கு ஒரு அடேயப்பாவும் இனிக்கவில்லை. ஓப்ரென் நல்ல சட்டை போட்டு ரொட்டியின் முன்னால் நின்றான், உடைக்கவில்லை. "சூப் ஆறுது" என்றார் ஒருவர். "ஆறட்டும்" என்றான். "என்னப்பா, ரொட்டியைச் சுத்தலாமா?" என்றாள் லெப்பா அக்கா, போன வருஷம்போலக் கையை நீட்டிக்கொண்டு. "இருங்க லெப்பா, கொஞ்சம் இருங்க" என்றான். அந்தக் 'கொஞ்சம்' நீண்டுகொண்டே போனது. அவன் கண் கதவிலேயே இருந்தது.

மெழுகுவர்த்தி பாதி எரிந்திருக்கும். வாசல் மணி அடித்தது.

ஸ்ரெதென் நின்றிருந்தான். பின்னால் விதோசாவா, துணி சுற்றிய ஒரு பெரிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு தம்பிகள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். விதோசாவாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. பவுடர் பூசி மறைத்திருந்தாள், மறையவில்லை.

"மீனு" என்றாள் என்னிடம், தட்டை நீட்டி. "உலர்ந்த பிளம் போட்டுச் சுட்டேன். வீட்ல வச்சா யாரு தின்னுவா?"

"மெழுகுவர்த்தி?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அலமாரியில கிடக்கு. மெழுகு கெட்டா போயிடும்?"

கோதுமையை நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்தாள். உள்ளே ஓப்ரென் ஏற்கெனவே ரொட்டியைக் கையில் எடுத்துவிட்டான். தம்பி கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் மறுபக்கத்தைப் பிடித்தான். சுற்றினார்கள், ஒயின் ஊற்றினார்கள், உடைத்தார்கள். ஓப்ரென் எல்லாரும் பார்க்கும்படி அழுதான். சூப் ஆறிவிட்டதால் அழுகிறான் என்று யாரோ கேலி பேசினார்கள்.

சாப்பாடு பாதியில் விதோசாவா எழுந்தாள். நடையில் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மேசையில் பேச்சு நின்றுவிட்டது. போன வருஷம் இருந்தவர்கள்தானே அத்தனை பேரும். ஸ்ரெதென் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே நேரம் எடுத்துக்கொண்டாள். குழாய் திறந்து மூடுவது கேட்டது. பிறகும் வரவில்லை. அங்கே நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள் என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு ரக்கியா" என்றாள்.

போன வருஷம் மாதிரியே விளிம்பு வரை ஊற்றினேன். அவள் கோப்பையை எடுத்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு மற்றொரு கையால், மேசை மேல் கிடந்த ஸ்ரெதெனின் கையைப் பிடித்து, வெடித்த விரல்களும் வெள்ளை நகக்கண்ணும் எல்லாருக்கும் தெரியும்படி தூக்கினாள்.

"இந்தக் கைக்கு" என்றாள். ஒரே மடக்கில் குடித்தாள்.

பிறகு இருமிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாய்லருக்குக் கீழ ஒரு வரிசை கோணலா இருக்கு" என்றாள்.

"பதினெட்டு வயசு" என்றான் ஸ்ரெதென் மெதுவாக.

"அதை மாத்திடாதீங்க" என்றாள் விதோசாவா.

நான் அவள் கோப்பையை மறுபடியும் நிரப்பினேன்.